கிணற்றை மூடிவிட்டுக் காத்திருப்பது: காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு சோதனையின் கதை

டெல்டாவில் எண்ணெய்க் கிணறு என்று பேச்செடுத்தால் எல்லார் மனசிலும் ரெண்டு படம்தான் வரும். ஒன்று, வயலுக்கு நடுவில் நிற்கிற ரிக். இன்னொன்று, ராத்திரியில் கம்பி வேலிக்குள் எரிகிற தீ. ரிக்கைப் பற்றி நிறைய எழுதியாச்சு. அந்தத் தீ ஏன் எரிகிறது, யார் மூட்டுகிறார்கள், எப்போது அணைப்பார்கள் என்று தமிழில் தேடினால் உருப்படியாக ஒன்றும் கிடைப்பதில்லை. போராட்டத் துண்டறிக்கை கிடைக்கும், கம்பெனி விளம்பரமும் கிடைக்கும். நடுவில் இருக்கிற வேலை, அதாவது கிணறு சோதனை, ரெண்டிலும் காணாமல் போயிருக்கிறது. அதைப் பற்றிச் சில மாதங்களாகச் சேர்த்து வைத்த குறிப்புகளை இங்கே கோத்துப் போடுகிறேன்.

நான் இருக்கிற திருக்காட்டுப்பள்ளி எண்ணெய் ஊர் இல்லை. காவிரியை விட்டுக் குடமுருட்டி பிரிகிற இடம். மேட்டூர் திறந்து எத்தனை நாளில் தண்ணீர் வரும், முறை யாருக்கு, மடை எங்கே உடைந்தது, இதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. தீயோடு எங்களுக்குள்ள சம்பந்தம் கோயில் வழியாக வந்தது: மூலவர் அக்னீஸ்வரர், தமிழில் தீயாடியப்பர், தீர்த்தத்துக்குப் பெயர் அக்னி தீர்த்தம். "அந்தக் காலத்துலயே இங்க கேஸ் இருக்குன்னு தெரிஞ்சிருக்கு பாத்தியா" என்று வாட்ஸப்பில் அனுப்புகிற நண்பர்கள் உண்டு. மண்ணியல் நேர் எதிராகச் சொல்கிறது. நாங்கள் காவிரிப் படுகையின் மேற்கு ஓரத்தில் இருக்கிறோம். மேற்கே கொஞ்சம் போனால் திருச்சி மலைக்கோட்டை. அந்த மாதிரிப் பழைய பாறைதான் எங்கள் ஊருக்கு அடியிலும் கிடக்கிறது. மேலே படிந்த வண்டல் பாறைகள் இங்கே கனம் குறைவு. காவிரியோடு கிழக்கே போகப் போக அந்த அடிப்பாறை இறங்கும். அதுவும் ஒரே சரிவாக அல்ல. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று பள்ளங்கள். கும்பகோணம்–மாதானம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி என்று பூமிக்கடியில் மேடுகள். பள்ளங்களில் சில இடத்தில் வண்டல் 5 கிலோமீட்டருக்கும் மேல். எண்ணெயும் வாயுவும் தேடுகிறவர்கள் அந்தப் பள்ளங்களையும் மேடுகளின் விளிம்புகளையும்தான் பார்ப்பார்கள்.

அந்தப் பாறை அடுக்குகளுக்கு வைத்திருக்கிற பெயர்களைப் பாருங்கள்: ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், குடவாசல், கமலாபுரம், நிரவி, திருப்பூண்டி, மாதானம். பஸ் ஸ்டாண்டு போர்டைப் படிக்கிற மாதிரி இருக்கும். உலகத்தில் எங்கே இந்தப் படுகையைப் பற்றி அறிக்கை எழுதினாலும் இந்தப் பெயர்கள்தான்.

தேடல் தொடங்கியது 1950-களின் கடைசியில். எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம், நாம் சொல்கிற ஓ.என்.ஜி.சி., 1956-இல் பிறந்தது. சோவியத் நிபுணர்கள் வந்து உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்த காலம். 1958-இல் குஜராத்தில் காம்பே பக்கம் லூனேஜில் எண்ணெய் கிடைத்தது, 1960-இல் அங்கலேஸ்வர். அந்தச் சூட்டோடு தெற்கே வந்தார்கள். காவிரிப் படுகையின் முதல் ஆழ்துளைக் கிணறு 1964-இல் காரைக்காலில் தோண்டப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைச் சட்டப்படி கைமாற்றியது 1962 ஆகஸ்டில். ரெண்டே வருஷத்தில் ரிக் வந்துவிட்டது.

காரைக்காலுக்கும், வணிக அளவில் எண்ணெய் கொடுத்த நரிமணத்துக்கும் இடையில் ஏறக்குறைய இருபது வருஷம். நரிமணம் 1980-களின் நடுவில்தான். இந்த இருபது வருஷத்தைப் பொதுவாக ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள்: "பல கிணறுகள் தோண்டியும் பலன் இல்லை." எனக்கு அந்த வரியில்தான் சந்தேகம் வந்தது. பலன் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? 3,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிற ஒரு மணற்பாறை அடுக்கு, "என்னிடம் எண்ணெய் இருக்கிறது, ஆனால் தரமாட்டேன்" என்கிறதா, "என்னிடம் ஒன்றுமே இல்லை" என்கிறதா? ரெண்டும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுதான்.

துளை போடும்போது சேற்றோடு மேலே வருகிற பாறைத் துகளைப் புற ஊதா விளக்கில் பார்த்தால் எண்ணெய் இருந்தால் மினுங்கும். சேற்றில் கரைந்து வருகிற வாயுவைக் கருவி காட்டிக் கொடுக்கும். இதற்குத் தொழிலில் 'ஷோ' என்று பெயர், அறிகுறி. அறிகுறியை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. வாசலில் செருப்பு கிடக்கிறது என்பதற்காக வீட்டில் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? தட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தட்டல்தான் சோதனை.

ஆரம்ப காலத்தில் தட்டவே வேண்டியிருக்கவில்லை. 1901 ஜனவரி 10-இல் டெக்ஸஸில் ஸ்பிண்டில்டாப் கிணறு தானே பீறிட்டு, நாளைக்கு ஒரு லட்சம் பீப்பாய் அளவில் ஒன்பது நாள் ஓடியது. அதுதான் அன்றைய 'சோதனை'. அப்படிப் பீறிடுவதைச் சாதனையாகப் படம் பிடித்து மாட்டிய காலம். வாயை இறுக்கி மூடுகிற பி.ஓ.பி. என்ற இரும்பு அடைப்பானை ஆபர்கிராம்பியும் கேமரனும் 1922-இல் வடிவமைத்தார்கள். 1920-களின் நடுவில் ஆர்கன்ஸாவில் ஜான்ஸ்டன் சகோதரர்கள் இன்னொரு கருவியோடு வந்தார்கள்: துளைக்குழாயின் நுனியில் ஒரு வால்வு, கூடவே ஒரு ரப்பர் வளையம். வளையம் உப்பி, சோதிக்கிற அடுக்கை மேலே நிற்கிற சேற்றிலிருந்து பிரித்துவிடும். வால்வைத் திறந்தால் அந்த ஒரு அடுக்கு மட்டும் பேசும். கிணறு முழுவதையும் பீறிட விடாமல், ஒரு அடுக்கைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிற வசதி வந்தது அப்போதுதான்.

விசாரணையில் என்ன கேட்பது என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் கதை நம்ம ஊர்ப் பக்கம் திரும்புகிறது.

எங்கள் பெரியப்பா புது போர் போட்டால் செய்கிற காரியம் ஒன்று உண்டு. மோட்டாரை ரெண்டு மணி நேரம் ஓட விடுவார். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்தான், ஆனால் அதை நம்பமாட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டு, கயிற்றில் கல் கட்டி இறக்கி, மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார். "ஓடும்போது எல்லா ஊத்தும் நல்ல ஊத்துதான்டா. நிறுத்துனப்பறம் ஏறுது பாரு, அதுதான் நெசம்" என்பார். சரசரவென்று ஏறினால் நல்ல மணல், தாராளமான ஊற்று. மெதுவாக ஏறினால் களி அல்லது ஊற்றுக்கண் அடைப்பு. ஏறி, பழைய மட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டியது: ஊற்று சின்னது, எடுத்ததை ஈடுகட்ட ஆள் இல்லை.

இதையேதான் எண்ணெய்க்காரர்களும் செய்கிறார்கள், கணக்கோடு. அந்தக் கணக்கின் தாய்வீடும் தண்ணீர்க் கிணறுதான். அமெரிக்க மண்ணியல் துறையில் நிலத்தடி நீர் ஆளாக இருந்த சார்லஸ் தைஸ் 1935-இல் ஒரு சமன்பாடு வெளியிட்டார். நீர்மட்டம் இறங்குவதும் ஏறுவதும், உலோகத் தகட்டில் சூடு பரவுவது மாதிரியே நடக்கிறது என்று பிடித்தார். கணக்குப் போட்டுக் கொடுத்தது லூபின் என்ற கணித நண்பர். 1951-இல் ஹார்னர் அதே சிந்தனையை எண்ணெய்க் கிணற்றுக்கு ஏற்றபடி எளிமையாக்கினார். கிணற்றைக் கொஞ்ச நேரம் ஓட விடு, அடியில் மூடு, அழுத்தம் ஏறுவதைக் குறி, காலத்தை ஒரு குறிப்பிட்ட விகிதமாக மாற்றி மடக்கைத் தாளில் வரை. புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். கோட்டின் சரிவு பாறை எவ்வளவு தாராளமாக விடுகிறது என்று சொல்லும். கோட்டை நீட்டினால் அந்த அடுக்கின் உண்மையான அழுத்தம் கிடைக்கும். பெரியப்பா கல்லை இறக்கியதும் இதுவும் ஒன்றுதான். அவரிடம் தாள் இல்லை, அவ்வளவே.

அந்தக் காலத்து அழுத்தமானி எனக்கு மிகவும் பிடித்த பொருள். அமெராடா என்று பெயர். விரல் பருமனைவிடக் கொஞ்சம் பெரிய நீள உருளை. உள்ளே சாவி கொடுக்கிற கடிகாரம், பூச்சுப் பூசிய மெல்லிய உலோகத் தகடு, ஒரு ஊசி. கிணற்றின் அடிக்கு அனுப்பினால் கடிகாரம் தகட்டை நகர்த்தும், ஊசி அழுத்தத்துக்கு ஏற்பக் கீறும். மேலே எடுத்து, உருப்பெருக்கியில் வைத்து அந்தக் கீறலை அளப்பார்கள். 100 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருக்கிற ஆழத்தில் ஒரு அலாரம் கடிகாரத்தை நம்பி நாட்டின் எரிபொருள் கணக்கைப் போட்டார்கள். 1970-களில் குவார்ட்ஸ் படிக அழுத்தமானி வந்து அதை ஓரங்கட்டியது.

இதில் ஒரு விஷமம் உண்டு. துளை போடும்போது அழுத்தத்துக்கு ஈடாக ஊற்றுகிற கனமான சேறு, கிணற்றைச் சுற்றியுள்ள பாறையின் நுண்துளைகளில் அப்பிக்கொள்ளும். நல்ல அடுக்குகூட வாயடைத்துப் போகும். திறந்து பார்த்து ஒன்றும் வரவில்லை என்று போய்விட்டால், இருப்பதை இல்லை என்று எழுதிவிட்டுப் போகிறோம். மூடிவைத்து அழுத்தம் ஏறுவதைப் பார்த்தால்தான் குற்றம் அடுக்கிலா, சேற்றிலா என்று பிரியும். அவசரப்பட்ட சோதனை, சோதனையே இல்லாததைவிட மோசம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். துளை முடிந்ததும் எஃகுக் கேசிங் இறக்கி, அதற்கும் பாறைக்கும் நடுவில் சிமெண்ட் ஏற்றுவார்கள். அந்தச் சிமெண்ட்தான் மேலே இருக்கிற நல்ல தண்ணீர் மணலுக்கும் கீழே இருக்கிற எண்ணெய்க்கும் நடுவில் நிற்கிற சுவர். அது உறைந்து, அழுத்தம் கொடுத்துப் பார்த்து, பிறகுதான் சோதனைக் குழாய் இறங்கும். சோதிக்கப் போகிற ஒவ்வொரு அடுக்கையும் 'ஆப்ஜெக்ட்' என்று எண் போட்டுக் குறிப்பார்கள். அடியிலிருந்து மேலே ஒவ்வொன்றாக வருவார்கள். அந்த ஆழத்தில் சின்ன வெடிகளை வைத்துக் கேசிங்கில் துளை போடுவார்கள். முதலில் சில நிமிஷம் மட்டும் ஓட்டம். உடனே மூடி ஒரு மணி நேரம் போலக் காத்திருப்பு. அடுக்கின் தொடாத அழுத்தம் இதில்தான் தெரியும். பிறகு பெரிய ஓட்டம், பல மணி நேரமோ சில நாளோ. கடைசியில் நீண்ட மூடல். ஓடிய நேரத்தைவிட மூடிவைக்கிற நேரம் கூடுதலாக இருப்பது வழக்கம். வெளியில் நிற்கிறவருக்குத் தீ எரிகிறபோது வேலை நடப்பதாகவும், அணைந்தபோது முடிந்துவிட்டதாகவும் தோன்றும். உள்ளே இருக்கிறவருக்கு அணைந்த பிறகுதான் பாடம் ஆரம்பம்.

ஆபத்து எங்கே என்றால், துளை போடும்போது கிணறு சேற்றின் கனத்தால் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சோதனையில் அந்த அடக்குமுறையை நாமே வேண்டுமென்று தளர்த்துகிறோம். நீர் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர செண்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூட்டும். 3,000 மீட்டரில் சாதாரணமாகவே 300 கிலோ. கார் டயரில் ரெண்டு சொச்சம்தான். உயர் அழுத்த அடுக்காக இருந்தால் இந்தக் கணக்கையும் தாண்டும். அதை மேலே கொண்டுவந்து மனுஷர் நிற்கிற இடத்தில் இரும்புக் குழாய்களுக்குள் ஓட்டப்போகிறோம்.

அதனால் எதையும் ஒற்றைக் காவலில் விடக்கூடாது என்பது முதல் விதி. அடியில் வால்வு, மேலே கிணற்று வாயில் வால்வு, ஒரு பொத்தானில் ரெண்டையும் சாத்துகிற ஏற்பாடு. எண்ணெய் வருவதற்கு முன்னால் எல்லாக் குழாயையும் வெறும் தண்ணீரால், வரப்போகிற அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் நிரப்பிச் சோதிப்பார்கள். ஒழுகினால் தண்ணீர்தான் ஒழுகட்டும். கிணற்றை அடக்கக் கனமான சேறு தொட்டியில் கலக்கித் தயாராக நிற்க வேண்டும். ஓட்டத்தை அளவாக விடுவது சோக் என்கிற துவாரம். ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி, அத்தனை பங்கு என்று சொல்வார்கள். அதன் வழியாக வாயு விரியும்போது குளிர்ந்து, ஈரத்தோடு சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அதனால் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலிலும் பக்கத்தில் ஒரு ஹீட்டர் ஓடும். பிறகு செபரேட்டர்: எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றையும் பிரித்து அளக்கும். எண்ணெய் தொட்டிக்கு, வாயு தீக்கு.

ஆக, அந்தத் தீ ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. விற்கக் குழாய் போடாத இடத்தில் வாயுவை அப்படியே விட்டால் பொறி பட்டு வெடிக்கும். எரித்துவிடுவது குறைந்த கெடுதல். கெடுதலே இல்லை என்று அர்த்தமில்லை. முதல் ஓட்டத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் திறக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நல்ல பழக்கம். காற்று திசை பார்க்க வேண்டும். அழுகிய முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடுக்குக் கருவி வைக்க வேண்டும். அந்த வாயு அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், வாடையை நம்ப முடியாது.

நம்ம ஊரில் திட்டம் போடுகிறவர் கூடுதலாகச் சிலது பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடிக்காற்று ஒரு பக்கம் அடிக்கும், ஐப்பசியில் வாடை நேர் எதிர்ப்பக்கம் அடிக்கும். தீக்குழி எந்தப் பட்டத்துக்காகத் தோண்டியது என்பது முக்கியம். சம்பாப் பட்டத்து நீண்டநாள் நெல்லில் ராத்திரி வெளிச்சம் பட்டால் கதிர் தள்ளிப்போகிற ரகங்கள் உண்டு. தெருவிளக்கு ஓரத்து வயலில் பார்த்திருப்பீர்கள். அறுவடை முடிந்து தரை காய்ந்து, மேட்டூர் திறக்கும்வரை உள்ள மாசியிலிருந்து வைகாசிதான் தோதான காலம். ஆனால் அப்போது களத்துமேடெல்லாம் வைக்கோல் போர். அதையும் யோசிக்கணும்.

சோதனையில் தவறினால் என்ன ஆகும்? பெரிய உதாரணம் கடலில் இருக்கிறது. 2010 ஏப்ரல் 20-இல் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஒரு சோதனை நடந்தது: உள்ளே அழுத்தத்தைக் குறைத்து, சிமெண்ட் தாங்குகிறதா, அடியிலிருந்து ஏதும் ஏறுகிறதா என்று பார்ப்பது. குழாயில் பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு காட்டியது. கிணறு உரக்கப் பேசிவிட்டது. மேலே இருந்தவர்கள் அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள், இன்னொரு குழாயில் பூஜ்யம் வந்ததைக் காட்டி 'பாஸ்' போட்டார்கள். கருவி சரியாகத்தான் இருந்தது. அது சொன்ன பதில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

கோதாவரி டெல்டா, நம்மைப் போலவே நெல் பூமி. 1995 ஜனவரி 8-இல் பாசர்லபூடியில் துளை போடும்போது ஓ.என்.ஜி.சி. கிணறு வெடித்து 65 நாள் எரிந்தது. அஸ்ஸாமில் 2020 மே 27-இல் ஆயில் இந்தியாவின் பாக்ஜான் கிணறு பீறிட்டது. ஜூன் 9-இல் தீப்பிடித்து, தீயணைக்க வந்த ரெண்டு பேர் இறந்தார்கள், நவம்பரில்தான் அடங்கியது. பராமரிப்பு வேலைக்காக நிறுத்தியிருந்த கிணறு அது. சிமெண்ட் அடைப்பு இறுகுவதற்குக் காத்திருக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே பி.ஓ.பி.யைக் கழற்றியது விசாரணையில் முக்கியக் குற்றச்சாட்டு. இங்கேயும் காத்திருக்காததுதான்.

நரிமணத்துக்கு வருவோம். அது ஓடத் தொடங்கியபின் காவிரிப் படுகை நிஜமான எண்ணெய்ப் பூமி ஆனது. 1993-இல் நாகப்பட்டினம் பக்கம் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. கோவில்களப்பால், குத்தாலம், ராமநாதபுரத்து வழுதூர் என்று வாயுவில் ஓடுகிற மின்நிலையங்கள் வந்தன. மாதானத்தில் வண்டலையும் தாண்டி, விரிசல் விட்ட அடிப்பாறையிலேயே எண்ணெய் இருந்தது. எங்கள் ஊருக்கு அடியில் கிடக்கிற அந்தப் பழைய பாறையின் சொந்தக்காரன்தான். இத்தனைக்கும் நடுவில் ஊர்க்காரர்களுக்குச் சோதனை என்பது வேலிக்கு அப்பால் எரிகிற தீயாகவே இருந்தது. ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

கேட்கத் தொடங்கியது 'மீத்தேன்' என்ற சொல் வந்தபோது. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் ஆனது. இது வேறு மாதிரி வேலை. நிலக்கரியில் ஒட்டியிருக்கிற வாயு வெளியே வர, முதலில் அந்த அடுக்கின் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபில்டர் பாயிண்ட் போட்டு நாற்று விடுகிற ஊரில் இதைச் சொன்னால் பதறாமல் என்ன செய்வார்கள்? நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். 2013 டிசம்பர் 30-இல் அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான் பட்டுக்கோட்டைப் பக்கம் காலமானார். 2015-இல் தமிழக அரசு திட்டத்துக்குத் தடை சொன்னது.

அதற்குப் பிறகு டெல்டாவில் எந்த ரிக்கைப் பார்த்தாலும் மீத்தேன். ஓ.என்.ஜி.சி. "நாங்கள் மீத்தேன் எடுக்கவில்லை" என்று திரும்பத் திரும்ப விளக்கம் கொடுத்தது. ஒப்பந்த மொழியில் அது சரி. நிலக்கரிப் படுகைத் திட்டம் அவர்களுடையது இல்லை. ஆனால் வேதியியல் மொழியில், அவர்கள் எடுக்கிற இயற்கை எரிவாயுவும் பெரும்பாலும் மீத்தேன்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடப் புத்தகத்தைக் காட்டி "அப்ப இது என்ன?" என்று கேட்டால் அந்த விளக்கம் பொய்யாகிவிடும். உண்மையைச் சொல்லியே நம்பிக்கையைத் தொலைத்த கதை இது. தண்ணீரை இறைக்கிறோமா இல்லையா, எந்த ஆழத்தில் எந்த அடுக்கு, கேசிங்கும் சிமெண்டும் எதுவரை என்று பேசியிருந்தால் ஊர்க்காரர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். போர் போடுகிறவர்களுக்கு இது புரியாத மொழி இல்லை. போராடியவர்கள் பக்கமும், எண்ணெய்க் கிணற்றையும் நிலக்கரிக் கிணற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில், கேட்க வேண்டிய கூர்மையான கேள்விகள் கேட்கப்படாமல் போயின என்பது என் வருத்தம்.

2017 ஜூன் 28-இல் டெல்லியில் ஒரு விழா. தேசிய தரவுக் களஞ்சியம் என்று, நாட்டின் நில அதிர்வு அளவைகளையும் கிணற்றுத் தரவுகளையும் ஒரே இடத்தில் தொகுத்து, ஏலம் கேட்கும் நிறுவனங்கள் பார்க்கும்படி திறந்தார்கள். ரெண்டு நாள் கழித்து, ஜூன் 30-இல், தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் வயலில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. ஊர் திரண்டது, வைக்கோல் எரிந்தது, தடியடி, கைது. கசிந்தது பழைய குழாய், கிணற்றுச் சோதனை அல்ல. ஆனாலும் இந்த ரெண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கிறேன். கதிராமங்கலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை வேறு மாநிலத்து முதலீட்டாளர் கேட்டு வாங்க வழி பிறந்த வாரத்தில், மேலே குடியிருக்கிறவர் கசிவைக் காலில் மிதித்துத் தெரிந்துகொண்டார்.

2020-இல் ரெண்டு உத்தரவுகள். ஜனவரி 16-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய், வாயுவுக்கான ஆய்வுக் கிணறுகளைக் கீழ்வகைக்கு மாற்றியது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அவற்றுக்குத் தேவையில்லை என்றானது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, மண்டலத்துக்குள் புது எண்ணெய், வாயு ஆய்வையும் எடுப்பையும் தடுத்தது. ஏற்கெனவே நடப்பவை தொடரலாம். முதல் உத்தரவின் தர்க்கம் "வெறும் ஆய்வுதானே" என்பது. மேலே சொன்னதைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: அழுத்தம் இன்னதென்று தெரியாத அடுக்கை முதல்முறையாகத் திறப்பது ஆய்வுக் கிணற்றில்தான். உற்பத்திக் கிணறு வரும்போது அந்த அடுக்கோடு பழகியிருப்போம்.

புதுக் கிணறுகளுக்குத் தடை வந்தபின் மிச்சம் இருப்பது பழைய கிணறுகள். 1964 முதல் தோண்டியவற்றில் கைவிட்டவையும் உண்டு. திருவாரூர் மாவட்டம் பெரியகுடியில் உயர் அழுத்த வாயுவால் நிறுத்திவைத்த கிணற்றை நிரந்தரமாக மூடணும் என்று விவசாயிகள் பல வருஷமாகக் கேட்டுவந்தார்கள். மூடுவதும் ஒரு சோதனைதான். வெடிவைத்துத் துளைத்த ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே சிமெண்ட் அடைப்பு, உறைய விட்டு, குழாயின் எடையை அதன்மேல் இறக்கிப் பார்த்து, அழுத்தம் கொடுத்துப் பார்த்து, மேலே அடுத்த அடைப்பு. உங்கள் பஞ்சாயத்தில் ஒரு கிணற்றை மூடிவிட்டோம் என்று தாள் வந்தால் கேட்க வேண்டியவை இவை: எத்தனை அடைப்பு, எந்தெந்த ஆழத்தில், உறைய எத்தனை மணி நேரம் விட்டீர்கள், எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்தீர்கள், அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது யார், நகல் எங்கே.

1970-களில் மன்னார்த் தீவின் பேசாலையில் சோவியத் உதவியோடு தோண்டிய கிணறுகளுக்கும் குறிப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதே படுகை, கடலுக்கு அந்தப் பக்கம். அதைத் தனியாக எழுதுகிறேன்.